பாலத்துக்கு இந்தப் பக்கத்து நோட்டரி

முத்திரை சாருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். இத்தனை காலம் நோட்டரியாக இருந்து, கையில் கறை படாமல் ஓய்வு பெறுகிறாராம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். அவருடைய அறைக்கு நேர் கீழே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் என்கிற முறையில் என்னையும் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதாக நாலு வார்த்தை. எனக்கு நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரியாது. நல்லதாகச் சொல்வதும் இவர் விஷயத்தில் கொஞ்சம் கஷ்டம்.

அவருடைய இயற்பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. முத்திரை சார் என்றால் தெரியும். என் கடைக் கூரைதான் அவருக்குத் தரை. காகிதத்தில் எழுத்தைப் புடைக்க வைக்கும் அந்த இரும்புக் கருவியின் கைப்பிடியை அவர் அழுத்தும்போதெல்லாம் என் தலைக்கு மேல் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிட்டு மேலே பார்ப்பார்கள். "ஒண்ணுமில்ல, மேல ஒருத்தர் உண்மைக்கு முத்திரை குத்துறாரு" என்பேன்.

அறையில் ஒரு மேசை, அவருக்கு ஒரு நாற்காலி, வருகிறவருக்கு ஒரு நாற்காலி. இரண்டு பேர் வந்தால் ஒருவர் நிற்க வேண்டியதுதான். முத்திரை மைப்பெட்டியை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்பார். ஒவ்வொரு முத்திரைக்குப் பிறகும் எழுந்து போய்க் கை கழுவுவார். எதற்கு சார் என்று ஒரு நாள் கேட்டேன். "அடுத்தவன் விஷயம் கையில ஒட்டக் கூடாது பாருங்க" என்றார். அப்போது அதைப் பெரிய தத்துவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். "ஸ்டாம்ப யாரு வேணாலும் செஞ்சுக்கலாம். அத அழுத்துற கை யாரோடதுங்கிறதுதான் கேள்வி. அரசாங்கம் நியமிச்ச ஆளா இருக்கணும். நியமிச்ச காலம் முடியாம இருக்கணும். நியமிச்ச எல்லைக்குள்ள நிக்கணும். இந்த மூணுல ஒண்ணு தப்பினாலும் அது முத்திரை இல்ல, வெறும் மை." பிறகு அடையாள அட்டையைக் கேட்பார். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிப்பார். கடைசியில் அந்தக் கேள்வி வரும்: "சுய விருப்பத்தோடதான் கையெழுத்துப் போடுறீங்களா?" தலையாட்டினால் போதாது. "வாயத் தொறந்து சொல்லுங்க. மாடும்தான் தலையாட்டுது."

அவருடைய மனைவி ஒரு முறை என் கடைக்கு வந்தபோது சொன்னார்: "கல்யாணம் ஆன அன்னிக்கு எங்கிட்ட இவரு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? சுய விருப்பத்தோடதான வந்தீங்கன்னு. நான் வெக்கத்துல தலையாட்டினேன். வாயத் தொறந்து சொல்லுன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய கூடப் பிறந்த தம்பி ஒரு பத்திரத்தோடு வந்து நின்றபோது, "நீ என் ரத்த உறவு, உனக்கு நான் போடக் கூடாது" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். சட்டப்படி அது சரி. ஆனால் வந்த தம்பிக்கு உட்கார ஒரு நாற்காலி, குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தம்பி என் கடையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இனி பாலத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரை ஆறு நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. பாலத்தின் மத்தியில் ஓர் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் முத்திரை சாரின் அதிகாரம். அந்தப் பக்கத்துக்கு வேறொரு நோட்டரி இருந்தார். இளம் வயதில் ஒரு நண்பருக்காக முத்திரை சார் கல்லைத் தாண்டிப் போய் ஒரு காகிதத்தில் அழுத்திவிட்டு வந்தாராம். அந்தப் பக்கத்துக்காரர் புகார் எழுதிப் போட, இவருடைய அதிகாரத்தைச் சில மாதங்களுக்குப் பறித்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முத்திரைப் பையை எடுத்துக்கொண்டு அவர் கல்லைத் தாண்டியதே இல்லை. பையில்லாமல் தாண்டுவார். பை இருந்தால் மாட்டார். அடி வாங்கியவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அதை நான் குறை சொல்லவில்லை. நான் குறை சொல்வது வேறு.

அந்தத் தையல்காரியை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் விபத்தில் போய்விட்டான். ஒரே பெண் குழந்தை. பிறவியிலேயே காது கேட்காது. அக்கரையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. தையல்காரியின் தங்கை அங்கே ஆயா. குழந்தையின் கைப்பேச்சு முழுக்கத் தெரிந்தவள் அந்தச் சித்திதான். தாயும் ஓரளவு பேசுவாள். புருஷன் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

தையல்காரிக்கு நுரையீரலில் நோய் வந்து அக்கரைப் பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். பிழைக்க மாட்டாள் என்று அவளுக்கே சொல்லிவிட்டார்கள். அவள் கவலை எல்லாம் ஒன்றுதான். தான் போனதும் குழந்தை யாரிடம் போகும்? தாய் எதுவும் எழுதி வைக்காவிட்டால் தகப்பனின் அண்ணனுக்குத்தான் உரிமை. அந்தப் பெரியப்பன் எங்கள் கட்டிடத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். "செவிட்டுப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா? தட்டு கழுவக் காது எதுக்கு?" என்று கடை வாசலில் நின்றே பேசியவன். குழந்தை தன் தங்கையிடம்தான் வளர வேண்டும் என்று தாய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்தை அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் போட வேண்டும்.

சித்தி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காகிதத்தை நான்தான் டைப் அடித்தேன். அடித்ததை எடுத்துக்கொண்டு அவர்களோடு நானும் மாடியேறினேன்.

முத்திரை சார் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். குழந்தை அந்த இரும்புக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, ஒரு கழிவுத் தாளை அதில் வைத்து அழுத்தி அவளிடம் கொடுத்தார். புடைத்து நின்ற எழுத்துகளை அவள் விரலால் தடவிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பிறகு வலது கையை மூடி இடது உள்ளங்கையில் ஒரு குத்து வைத்து அவரைக் காட்டினாள்.

"என்ன சொல்லுது?" என்றார்.

"உங்களுக்குப் பேரு வச்சிருக்கா சார். அவ எல்லாருக்கும் ஒரு பேரு வைப்பா" என்றாள் சித்தி. "அம்மான்னா இப்படி." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஊசி பிடிப்பதுபோல் காட்டினாள். "எனக்குச் சிரிச்சா குழி விழும்ல, அதனால நான்னா இப்படி." ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டாள்.

"பரவாயில்லையே! எல்லாருக்கும் ஒரு முத்திரை வச்சிருக்கே இது" என்று அவரும் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். மனுஷன் சிரிக்கிறாரே, காரியம் ஆகிவிடும் என்று எனக்கும் நம்பிக்கை வந்தது.

"அக்காவால எந்திரிக்க முடியாது சார். நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அக்கரைப் பெரியாஸ்பத்திரி."

சிரிப்பு போய்விட்டது. "அது என் எல்லை இல்ல. வர முடியாது."

"வேற நோட்டரி யாராவது இருக்காங்களா சார்?"

"இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான். அந்தப் பக்கம் இருந்தவரு செத்துப் போயிட்டாரு. இன்னும் ஆள் போடல."

"அப்ப நாங்க என்னதான் சார் பண்றது? ஆஸ்பத்திரில டாக்டருங்களக் கேட்டா, நோட்டரியப் பாருங்கன்னு உங்ககிட்டதான் அனுப்புறாங்க."

அவர் ஒரு கணம் சித்தியைப் பார்த்தார். பிறகு மைப்பெட்டியின் ஈரத்துணியைச் சரி செய்தார். "அவங்கள இந்தப் பக்கம் கொண்டு வாங்க. கல்லைத் தாண்டி ஒரு அடி வந்தாப் போதும். நான் கல்லுகிட்டயே வந்து நிக்கிறேன். மூத்திரச் சந்தா இருந்தாலும் சரி, என் எல்லைக்குள்ள எங்க கூப்பிட்டாலும் வருவேன்."

அதை அவர் ஏதோ சலுகை செய்வதுபோல்தான் சொன்னார். நாங்களும் சலுகை என்றுதான் நினைத்தோம். சித்தி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அழுது, சண்டை போட்டு, எது நடந்தாலும் நாங்களே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆக்சிஜன் சிலிண்டரோடு தையல்காரியை ஒரு வேனில் ஏற்றினாள் சித்தி. முத்திரை சார் சொன்ன சொல் தவறாமல், பையோடும் குடையோடும் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் கூட்டிப் போயிருந்தார்.

பாலத்தில் ஒரு சிமெண்ட் லாரி அச்சு முறிந்து நின்றது. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டிக்கொண்டன. வேன் கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. வேன் கண்ணாடி வழியே குழந்தையின் முகம்கூட எனக்குத் தெரிந்தது. சித்தி இறங்கி வண்டிகளுக்கு இடையில் புகுந்து ஓடி வந்தாள்.

"சார், கண்ணுக்கெட்டுற தூரம்தான் சார். நடந்து வந்துடுங்க சார். அவ மூச்சு சரியில்ல."

"வண்டி வரட்டும்."

"யாரு சார் பாக்கப் போறா? கல்லுக்கு இந்தப் பக்கம்னே எழுதிக்குங்களேன்!"

"பொய் எழுதச் சொல்றீங்களா?" என்று அவர் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் போய் என் பங்குக்குக் கெஞ்சினேன். "டைப்பம்மா, நீங்க சாட்சி. சாட்சி பேசக் கூடாது" என்றார். லாரியை ஒரு வழியாகத் தள்ளி ஓரம் கட்டினார்கள். வேன் மெல்ல ஊர்ந்து வந்து கல்லைத் தாண்டியது. பின் சக்கரமும் தாண்டிவிட்டதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் பையைத் திறந்தார்.

வேனின் பின்கதவைத் திறந்தோம். தையல்காரி காய்ந்த துணி மாதிரி கிடந்தாள். ஆனால் கண்ணில் உயிர் இருந்தது. பெயரைக் கேட்டார். தங்கை ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்க, அவள் தன் பெயரைச் சொன்னாள். எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டார். அட்டையில் இருந்த முகம் வேறு, இந்த முகம் வேறு. அதற்கும் இரண்டு கேள்வி கேட்டார். அவள் அதற்கும் பதில் சொன்னாள். பிறகு காகிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"சார், சுருக்கமாப் படிங்க சார்."

"சுருக்கினா செல்லாது."

இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமாகிய நான் என்று தொடங்கி, நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நான் அடித்த காகிதத்தை நானே சபித்தேன். எதற்கு அத்தனை ‘மேற்படி’ போட்டேன்! கடைசி வரி முடிந்து, "சுய விருப்பத்தோடதான் கையெழுத்துப் போடுறீங்களா?" என்று அவர் கேட்டபோது தையல்காரிக்குக் குரல் எழும்பவில்லை. உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுங்கம்மா."

அவள் கையைத் தூக்கினாள். அந்தக் கையைத் தூக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தன் மகளைச் சுட்டினாள். பிறகு ஒரு விரலால் தன் கன்னத்தைத் தொட்டாள். மறுபடி மகள், மறுபடி கன்னம். குழந்தை குதித்துக் குதித்துத் தலையை ஆட்டியது. தானும் கன்னத்தைத் தொட்டுச் சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"சொல்லிட்டா சார்! எங்கிட்டதான் இருக்கணும்னு சொல்லிட்டா!" என்று கத்தினாள் சித்தி.

"நீங்க சொல்லக் கூடாது. இந்தக் காகிதத்தால பலன் அடையுறதே நீங்கதான். பலன் அடையுறவங்க மொழிபெயர்க்க முடியாது. கொழந்தை மைனர். இந்தப் பாஷை தெரிஞ்ச வேற யாராவது இருக்கீங்களா?"

வேன் டிரைவர் என்னைப் பார்த்தார். கன்னம் என்றால் சித்தி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்; சாட்சி பேசக் கூடாது என்று முத்திரை சார் கையமர்த்தினார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. முத்திரை சார் பேனாவை மூடினார். பையை மூடினார். பாட்டிலில் கொண்டு வந்திருந்த தண்ணீரை ஊற்றிப் பாலத்து ஓரத்தில் கை கழுவினார். முத்திரையே போடவில்லை, எதைக் கழுவினார் என்று தெரியவில்லை.

வேன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகும் வழியிலேயே தையல்காரி போய்விட்டாள்.

சித்தி விடாமல் கோர்ட்டுக்குப் போனாள். பெரியப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, அண்ணன் தம்பி பாசத்தைப் பற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேசினான். நடந்ததைச் சொல்ல முத்திரை சாரையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சித்தியிடம் கேட்டார்:

"இதுக்கு ஏம்மா அந்தப் பொம்பளையப் பாலத்துக்குத் தூக்கிட்டு வந்தீங்க? ஆஸ்பத்திரில சாகக் கெடக்கிறவங்க கையெழுத்த வாங்க அந்த ஆஸ்பத்திரித் தலைமை டாக்டருக்கே சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கே. அவங்க படுத்த கட்டில்லயே முடிஞ்சிருக்குமே."

சித்திக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் திரும்பி முத்திரை சாரைப் பார்த்தாள்.

நீதிபதி அம்மா முத்திரை சார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"என்னை வர முடியுமான்னு கேட்டாங்க. முடியாதுன்னேன். வேற நோட்டரி உண்டான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். ரெண்டும் உண்மை. நோட்டரி இல்லாத வேற யாருக்கு அதிகாரம் உண்டுன்னு அவங்க கேக்கவே இல்ல."

"அதே டாக்டருங்க உங்ககிட்ட அனுப்பினாங்கன்னு சொல்லியிருக்காங்களே?"

"அவங்களுக்குச் சட்டம் தெரியலைன்னா நான் என்ன பண்ண முடியும்? கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது வக்கீல் வேலை. நான் நோட்டரி."

நீதிபதி அம்மா அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை போலிருக்கிறது. கையெழுத்தில்லாத காகிதம் காகிதமே இல்லை என்று சொல்லிக் குழந்தையைப் பெரியப்பனிடம் கொடுத்தார். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனான். குழந்தை ஒரு கையால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனது. சித்தியைக் கடை வாசலில் பார்த்தால் காலை உடைப்பேன் என்று அவன் படியிலேயே சொன்னான்.

முத்திரை சார் பெரியப்பனிடம் ஏதாவது வாங்கியிருப்பார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இல்லை. அவர் தினமும் மதியம் அந்தக் கடையில்தான் சாப்பிடுவார். தினமும் காசு கொடுத்துத்தான் சாப்பிடுவார். வாங்கியிருந்தால்கூட ஆசைப்பட்டுவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒன்றுமே வாங்காமல் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. சித்தி லீவு நாட்களில் என் கடைக்கு வருவாள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி உட்கார்ந்து, எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது ஒரு பெண் குப்பை வாளியோடு வெளியே வந்து உள்ளே போவாள். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பாள்.

போன வாரம் மலர் விஷயமாகப் பேச முத்திரை சார் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தக் கடைக்குத்தான். போகக் கூடாது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் பார்க்கலாமே என்று போனேன்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அவள்தான் தண்ணீர் கொண்டு வந்தாள். வளர்ந்துவிட்டாள். கைகள் ஊறி வெளுத்து, நகக்கண் எல்லாம் புண்ணாக இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வலது கையை மூடி இடது உள்ளங்கையில் ஒரு குத்து வைத்தாள்.

"பாத்தீங்களா, என்னை ஞாபகம் வச்சிருக்கு!" என்று அவருக்கு ஒரே பெருமை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கல்லாவில் பெரியப்பன் பார்க்கிறானா என்று ஒரு பார்வை. ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"சித்தி எங்கன்னு கேக்குது" என்றார் முத்திரை சார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் அவரையே பார்த்தேன். "உங்களுக்கு இது புரியுதா சார்?"

"இதுல புரியாம இருக்க என்ன இருக்கு? அன்னிக்கு என் ரூம்லயே அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சே."

"அப்ப பாலத்துல?"

"பாலத்துலயும் புரிஞ்சுது. தங்கச்சிகிட்டதான் கொழந்தை இருக்கணும்னு அந்தம்மா சொன்னது நல்லாவே புரிஞ்சுது." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "புரியறது வேற, ஏத்துக்கிறது வேற டைப்பம்மா."

கல்லாவிலிருந்து பெரியப்பன் மேசையை ஓங்கித் தட்டினான். சத்தம் அவளுக்குக் கேட்காது. அதிர்வு தரை வழியாகக் காலுக்குத் தெரிந்திருக்கும் போல. மறுபடி கன்னத்தில் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டு எங்கள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் கடையைக் கை காட்டிச் சொல்வதற்குள் போய்விட்டாள்.

முத்திரை சார் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மலருக்கு நல்லா எழுதிக் குடுங்க. மிகைப்படுத்த வேணாம். உள்ளத உள்ளபடி எழுதினாப் போதும்."

எழுதிவிட்டேன் சார். முழுக்க என் சுய விருப்பத்தோடு.